நரசிம்ம ராவ்: ஆறப்போட்டே ஆண்டவர்

கேள்வி இதுதான்: 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பெருமை அன்றைய பிரதமர் நரசிம்ம ராவுக்குச் சேர வேண்டியதா, அவருடைய நிதியமைச்சர் மன்மோகன் சிங்குக்கா? பாபர் மசூதி இடிந்தபோது ராவ் ஏமாந்தாரா, தெரிந்தே விட்டுவிட்டாரா? எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் அவரை நல்ல பிரதமர் என்று சொல்லலாமா?

மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால் ஒரு ராவ் நல்லவராகவும் இன்னொரு ராவ் கெட்டவராகவும் தெரிவார். எனக்குத் தெரிந்தவரை இருந்தது ஒரே ராவ்தான். எதையும் நேரடியாக முட்டாமல், சத்தம் போடாமல், ஆறப்போட்டு, எதிராளி களைத்த பிறகு காரியத்தை முடிப்பது அவர் பாணி. 1991-ல் அந்தப் பாணி நாட்டைக் காப்பாற்றியது. 1992 டிசம்பரில் அதே பாணி நாட்டைக் கைவிட்டது. கடைசியில் அவரையும் கைவிட்டது.

முதலில் ஆள் எங்கிருந்து வந்தார் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தப் பாணிக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1921-ல் வாரங்கல் பகுதியில் பிறந்தவர்; நிலமுள்ள குடும்பத்துக்குத் தத்துப் போனவர். நிஜாம் ஆட்சியில் வந்தே மாதரம் பாடியதற்காக உஸ்மானியாவில் படிப்பு போனது. அப்புறம் நாக்பூர் பக்கம் போய்ப் படித்தார். 1957-லிருந்து மந்தனி தொகுதி எம்.எல்.ஏ. 1971 செப்டம்பரில் இந்திரா காந்தி அவரை ஆந்திர முதல்வராக்கினார். அன்று அவர் ஆறப்போடும் ஆள் இல்லை. நில உச்சவரம்புச் சட்டத்தைத் தீவிரமாகக் கையில் எடுத்தார். பெரும் நிலக்கிழார்கள் கொதித்தார்கள். அதே நேரத்தில், தெலங்கானாவின் உள்ளூர்க்காரருக்கு வேலையில் முன்னுரிமை தரும் முல்கி விதிகள் செல்லும் என்று 1972 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, ராவ் அதை வரவேற்றார். கடலோர ஆந்திரா பற்றி எரிந்தது. தனி மாநிலம் கேட்ட 'ஜெய் ஆந்திரா' போராட்டத்தில் 1973 ஜனவரியில் பதவி போயிற்று, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஒன்றேகால் ஆண்டு முதல்வர், அவ்வளவுதான்.

சொந்த மாநிலத்தில் அவருக்குச் செல்வாக்கு என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. டெல்லிக்குப் போனார். இந்திராவின் வெளியுறவு அமைச்சர், பிறகு உள்துறை. ராஜீவ் காலத்தில் பாதுகாப்பு, மனித வளம், மறுபடி வெளியுறவு. பத்துக்கும் மேற்பட்ட மொழிகள் தெரியும். அறுபது வயதைத் தாண்டிக் கம்ப்யூட்டர் வாங்கி, தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். கட்சியில் யாருக்கும் அவர் போட்டியாகத் தோன்றவில்லை. 1984-ல் ஹனம்கொண்டாவில் பா.ஜ.க. வேட்பாளரிடம் தோற்றார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். மகாராஷ்டிராவின் ராம்டேக்கிலும் நின்றிருந்ததால் எம்.பி.யாகத் தப்பித்தார். அந்தத் தேர்தலில் பா.ஜ.க.வுக்கு நாடு முழுவதும் கிடைத்தவை இரண்டே இடங்கள். அதில் ஒன்று இது.

1984 பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்திரா கொல்லப்பட்டு டெல்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டபோது உள்துறை அமைச்சர் இவர்தான். டெல்லிப் போலீஸ் அவர் அமைச்சகத்தின் கீழ் இருந்தது. அரசுக் கணக்குப்படியே டெல்லியில் மட்டும் 2,733 பேர் இறந்தார்கள். பிரதமர் அலுவலகம் எல்லாவற்றையும் நேரடியாகக் கையில் எடுத்துக்கொண்டது என்று அவருக்காக வாதாடுபவர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம். அப்படியானால் அவர் ராஜினாமா செய்திருக்கலாம், குரலாவது எழுப்பியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. 1992-ஐப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1991 தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. டெல்லி வீட்டில் புத்தகங்களைக் கட்டி ஹைதராபாத்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். நம் குற்றாலத்திலுள்ள ஒரு மடத்துக்குப் பீடாதிபதியாக வரும்படி அழைப்புகூட இருந்தது. மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். சோனியா தலைமையேற்க மறுத்தார். சங்கர் தயாள் சர்மாவைக் கேட்டார்கள். வயதைக் காட்டி ஒதுங்கிக்கொண்டார். சரத் பவாருக்கு ஆசை இருந்தது, ஆனால் அவருக்குப் பயப்படுபவர்கள் அதிகம். யாரும் பயப்படத் தேவையில்லாத ஆள் என்பதால் ராவுக்கு வந்தது. ஜூன் 21-ல் பதவியேற்றார். பெரும்பான்மை கிடையாது. ஐந்து வருடம் தாக்குப்பிடிப்பார் என்று அன்று யாராவது பந்தயம் கட்டியிருந்தால் பணக்காரராகியிருப்பார்.

இனி அந்த முதல் ஐந்து வாரங்கள். பெருமை யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பதவியேற்பதற்கு முன்பே கேபினட் செயலாளர் நரேஷ் சந்திரா நிலைமையை எழுதிக் கொடுத்துவிட்டார். கையிருப்பில் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு வார இறக்குமதிக்குத்தான் காணும். வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியிருந்தது, வெளிநாடுவாழ் இந்தியர்கள் வைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்திரசேகர் ஆட்சியிலேயே மே மாதம் 20 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றிருந்தார்கள். ராவ் வந்தபிறகு ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கம் சுமார் 47 டன், இங்கிலாந்து வங்கிக்கும் ஜப்பான் வங்கிக்கும் அடமானமாகப் போனது. தாலியை அடகு வைத்துவிட்டார்கள் என்று அன்று பேசாத டீக்கடை இல்லை.

ராவுக்குப் பொருளாதாரம் தெரியாது. அவர் அமைச்சராக நீண்ட நாள் இருந்த துறைகள் எதுவும் அதைச் சார்ந்ததல்ல. நிலச் சீர்திருத்தக் காலத்து இடதுசாரிச் சாய்வுதான் அவருடையது. ஆனால் நிதியமைச்சராக ஓர் அரசியல்வாதி கூடாது, உலக வங்கியும் ஐ.எம்.எஃப்.பும் மதிக்கிற பொருளாதார நிபுணர் வேண்டும் என்று முதல் நாளே முடிவெடுத்தார். முதலில் முன்னாள் ரிசர்வ் வங்கி கவர்னர் ஐ.ஜி. படேலைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். பிறகு மன்மோகன் சிங். இந்திராவின் முதன்மைச் செயலாளராக இருந்த பி.சி. அலெக்சாண்டர் மூலம் செய்தி போனது. மன்மோகன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வழக்கம்போலப் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்துக்குப் போய்விட்டார். அங்கே ராவே தேடிப் பிடித்து, வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு பதவியேற்க வாருங்கள் என்றார். பின்னாளில் மன்மோகன் சிங்கே சொன்னது இது. காரியம் நடந்தால் பெயர் நம் எல்லோருக்கும், கெட்டால் நீங்கள் போக வேண்டியிருக்கும் என்று ராவ் சிரித்துக்கொண்டே சொன்னதையும் அவரே சொல்லியிருக்கிறார். அது வேடிக்கைப் பேச்சு மட்டுமல்ல. அடிபட்டால் முதலில் படுவது தன்மேல் அல்ல என்று ராவ் ஏற்பாடு செய்துகொண்டார்.

ஜூலை 1-ம் தேதி ரூபாயின் மதிப்பு இறக்கப்பட்டது. ஆழம் பார்க்கத்தான் அது. பெரிய இறக்கம் 3-ம் தேதிக்கு வைக்கப்பட்டிருந்தது. இதற்கிடையில் எதிர்க்கட்சிகள் சத்தம் போட, ராவுக்கு உதறல் எடுத்துவிட்டது. 1966-ல் இந்திரா காந்தி ரூபாய் மதிப்பை இறக்கி வாங்கிக் கட்டிக்கொண்டது அவர் தலைமுறைக்கு மறக்காது. இரண்டாவது இறக்கத்தை நிறுத்தச் சொல்லி 3-ம் தேதி காலையில் மன்மோகனிடம் சொன்னார். மன்மோகன் ரிசர்வ் வங்கித் துணை கவர்னர் சி. ரங்கராஜனுக்குப் போன் போட்டார். 'குதித்தாகிவிட்டது', அதாவது இறக்கியாகிவிட்டது, என்று ரங்கராஜனிடமிருந்து பதில் வந்தது. இரண்டும் சேர்ந்து சுமார் 18 சதவீதம். டாலர் 21 ரூபாயிலிருந்து 26-ஐ ஒட்டிப் போனது. அன்றே வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரமும் வர்த்தகத் துறைச் செயலாளர் மான்டேக் சிங் அலுவாலியாவும் ஏற்றுமதி மானியத்தை ஒழிக்கும் கோப்பைத் தயாரித்தார்கள். ராவ் கையெழுத்துப் போட்டார். (அப்போது ரிசர்வ் வங்கி கவர்னர் எஸ். வெங்கிடரமணன். அந்த வாரத்தின் முக்கிய முடிவுகளில் எத்தனை தமிழர் கை இருந்தது என்று எண்ணிப் பார்ப்பது ஒரு தனிப் பொழுதுபோக்கு.)

மதிப்பிறக்க நாளை மட்டும் வைத்துப் பார்த்தால் ராவ் தயங்கினார், மன்மோகன் துணிந்தார் என்று கதை முடியும். ஆனால் ஜூலை 24 வேறு கதை சொல்கிறது.

அன்று மாலை 5 மணிக்கு மன்மோகன் சிங்கின் பட்ஜெட். விக்டர் ஹ்யூகோவை மேற்கோள் காட்டிய அந்தப் பேச்சு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அன்று மதியமே மக்களவையில் இன்னொரு காகிதம் வைக்கப்பட்டிருந்தது: புதிய தொழில் கொள்கை. பதினெட்டுத் தொழில்களைத் தவிர மற்ற எதற்கும் இனி லைசென்ஸ் தேவையில்லை. பெரிய நிறுவனங்கள் விரிவடைய இருந்த சொத்து வரம்புத் தடை நீங்கியது. முக்கியத் துறைகளில் வெளிநாட்டு முதலீடு 51 சதவீதம் வரை தானாகவே அனுமதி. நாற்பது வருடம் நாட்டை நடத்திய லைசென்ஸ் ராஜ் அந்தக் காகிதத்தோடு முடிந்தது. பட்ஜெட்டைவிடப் பெரிய மாற்றம் இது. ஆனால் வைத்தது யார்? தொழில்துறை இணை அமைச்சர் பி.ஜே. குரியன். தொழில்துறைக்குக் கேபினட் அமைச்சர் யார்? பிரதமர் ராவ்தான். அந்தத் துறையை வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே வைத்திருந்தார். தன் துறையின் மிகப்பெரிய அறிவிப்பை ஜூனியர் அமைச்சர் கையில் கொடுத்து, பட்ஜெட் நாளின் இரைச்சலில் புதைத்துவிட்டார். மறுநாள் பத்திரிகைகளில் பட்ஜெட்தான் பெரிதாக வந்தது.

அந்தக் காகிதத்துக்கு முன்கதையும் உண்டு. அதன் வரைவு அமைச்சரவைக்கு முதலில் போனபோது மூத்த தலைகள் முறுக்கிக்கொண்டன. இது நேருவின் பாதையா என்று கேட்டார்கள். ராவ் சண்டை போடவில்லை. கொள்கையில் ஒரு ஷரத்தையும் பெரிதாக மாற்றவில்லை. முன்னால் நீளமான முகவுரை ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். நேரு என்ன செய்தார், இந்திரா என்ன செய்தார், ராஜீவ் என்ன செய்தார், அதன் தொடர்ச்சிதான் இது என்று. எதிர்த்தவர்கள் முகவுரையைப் படித்து மகிழ்ந்து சம்மதித்தார்கள். பழைய கடவுள்களின் படத்தை மாட்டிவிட்டுக் கடையில் சரக்கை மாற்றுகிற வியாபாரி மாதிரி.

ஆகவே என் கணக்கு இது: என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் மன்மோகன், அவரைப் போலத் தெரிந்த அதிகாரிகள் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள், பல வரைவுகள் அதற்கு முந்தைய ஆட்சிகளிலேயே எழுதப்பட்டிருந்தன. அதை ஒரு சிறுபான்மை அரசில், நேரு பெயரைச் சொல்லியே வளர்ந்த கட்சிக்குள் நடத்திக் காட்டத் தெரிந்தவர் ராவ் ஒருவர்தான். எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார்கள், காங்கிரஸ் எம்.பி.க்களே கொந்தளித்தார்கள். இரண்டு வாரத்தில் 30 சதவீதமாகக் குறைத்து, சிறு குறு விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தார். லைசென்ஸ் ஒழிப்பில் இம்மியும் இறங்கவில்லை. எதிர்க்கட்சிகளும் ஒன்றுசேர முடியாத நிலை அன்று. மண்டலும் (பிற்பட்டோர் இட ஒதுக்கீடு) மந்திரும் (அயோத்தி ராமர் கோயில்) அவர்களைப் பிரித்து வைத்திருந்தன. இடதுசாரிக்குச் சீர்திருத்தத்தைவிட பா.ஜ.க. மேல் பயம் அதிகம், பா.ஜ.க.வுக்கு லைசென்ஸ் ராஜ் மேல் பாசம் கிடையாது. ராவ் நடுவில் புகுந்து நடந்தார்.

பலன் என்னவென்று கேட்டால், சுங்க வரியின் உச்ச விகிதம் 1991-ல் 150 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, ஆண்டுதோறும் இறங்கி 1995-ல் 50-க்கு வந்தது. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்குப் பரிமாற்றத்தில் ரூபாய் கட்டுப்பாடு நீங்கியது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குச் சட்ட அதிகாரம், தேசியப் பங்குச் சந்தை, தனியார் விமானங்கள், தனியார் தொலைத்தொடர்பு எல்லாம் இந்த ஐந்தாண்டில் வந்தவை. கூடவே ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை ஊழலும் வந்தது. தொழிலாளர் சட்டம், பொதுத்துறை நிறுவனங்களை முழுதாகத் தனியாருக்கு விற்பது, விவசாயச் சந்தை பக்கம் அவர் கை வைக்கவே இல்லை. 1994 டிசம்பரில் ஆந்திராவில் என்.டி.ஆர். அள்ளிக்கொண்டு போனதும் சீர்திருத்தம் அப்படியே நின்றது. மதிய உணவு, முதியோர் உதவி போன்ற திட்டங்கள் 1995-ல் நாடு முழுவதும் அறிவிக்கப்பட்டன. மதிய உணவு நமக்குப் பழைய கதை, வட மாநிலங்களுக்கு அது புதிது.

சரி, பாபர் மசூதி.

மசூதி இருந்த அயோத்தி உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே 1991-லிருந்து கல்யாண் சிங்கின் பா.ஜ.க. ஆட்சி. மசூதியைப் பாதுகாப்போம் என்று அவர் தேசிய ஒருமைப்பாட்டு மன்றத்திலும் சொன்னார், உச்ச நீதிமன்றத்திலும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்தார். ராவ் என்ன செய்தார்? பேச்சுவார்த்தை நடத்தினார். சாமியார்களோடு பேசினார், மசூதிக் கமிட்டியோடு பேசினார், பா.ஜ.க. தலைவர்களோடு தனியாகப் பேசினார். 1992 ஜூலையில் ராமர் கோயில் கட்டுவதற்காகத் தொண்டர்கள் கூடி நடத்திய கரசேவையை இப்படித்தான் பேசிப் பேசி நிறுத்தினார். அது பலித்தது, அதுதான் வினை. டிசம்பரிலும் பலிக்கும் என்று நம்பினார்.

மத்திய அரசின் உள்துறைச் செயலாளர் மாதவ் காட்போலே ஒரு திட்டம் தயாரித்திருந்தார். 356-வது பிரிவின்படி மாநில அரசைக் கலைத்து, கரசேவகர்கள் கூடுவதற்கு முன்பே துணை ராணுவம் மசூதி வளாகத்தைக் கையில் எடுப்பது. நவம்பரிலேயே செய்தால்தான் முடியும், கூட்டம் சேர்ந்தபிறகு முடியாது என்பது அதன் உயிர்நாடி. ராவ் அதை ஆறப்போட்டார். அவர் பக்க வாதம் இது: நடக்காத குற்றத்துக்காக ஓர் அரசைக் கலைக்கச் சட்டம் இடம் தராது, மாநில ஆளுநரே கலைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார், உச்ச நீதிமன்றம் பார்வையாளரை நியமித்து, கல்யாண் சிங்கின் வாக்கை ஏற்றிருந்தது, கலைத்தபிறகு இடித்திருந்தால் பழி முழுதும் மத்திய அரசின் தலையில் விழுந்திருக்கும். சட்டப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் பலவீனமானது அல்ல. நான் இதை நேர்மையான வாதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஓர் ஓட்டை. சட்டம் இடம் தராவிட்டால் ஒன்று செய்திருக்கலாம்: மசூதியைச் சுற்றியுள்ள நிலத்தை முன்கூட்டியே மத்திய அரசு கையகப்படுத்தியிருக்கலாம். இடித்தபிறகு 1993-ல் சட்டம் போட்டு அதைத்தானே செய்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

டிசம்பர் 6, ஞாயிறு. நண்பகலில் கூட்டம் தடுப்பைத் தாண்டியது. மதியத்துக்குமேல் முதல் கும்மட்டம் விழுந்தது, மாலை ஐந்து மணியளவில் மூன்றாவதும். பக்கத்து ஃபைசாபாத்தில் மத்தியப் படையினர் ஆயிரக்கணக்கில் முகாமிட்டிருந்தார்கள். மாநில அரசு கேட்டால்தான் அவர்கள் நகர முடியும். புறப்பட்ட படையும் வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. டெல்லியில் அமைச்சரவை மாலையில்தான் கூடியது. இரவுதான் குடியரசுத் தலைவர் ஆட்சி. அந்த மணி நேரங்களில் ராவ் பூஜை அறையில் இருந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அவருடைய மருத்துவர் ஸ்ரீநாத் ரெட்டி அதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார்: மூன்றாவது கும்மட்டம் விழுந்தபிறகு பார்க்கப் போனபோது ராவ் டி.வி. முன்னால் இருந்தார், நாடித் துடிப்பு எகிறியிருந்தது, முகம் சிவந்திருந்தது, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. நடிப்பவரின் உடம்பு அப்படிக் காட்டாது என்பது மருத்துவரின் முடிவு. இதை நான் நம்புகிறேன். அதனால் 'துணைபோனார்' என்ற குற்றச்சாட்டை ஏற்கவில்லை.

ஏமாந்தார் என்பதோடு விட்டுவிடவும் முடியாது. ஆறப்போடும் உத்தி எங்கே பலிக்கும்? எதிராளிக்கும் நேரம் எதிராக ஓடும்போது. காங்கிரஸ் கோஷ்டிகள், பணம் கேட்ட கடன்காரர்கள், பதவிக்கு அலைந்த மந்திரிகள் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள்தான். அயோத்தியில் நேரம் ஓடியது எதிராளிக்குச் சாதகமாக. ஒவ்வொரு நாளும் இன்னும் சில ஆயிரம் பேர் ரயிலேறி வந்துகொண்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க அறைக்குள் பேரம் பேசிப் பழகியவருக்கு, வெளியே நிற்கிற கூட்டம் பேரத்துக்குக் கட்டுப்படாது என்பது உறைக்கவில்லை. அல்லது உறைத்தும், இந்து வாக்குகளை இழக்கும் துணிச்சல் இல்லை. இரண்டும் கலந்து இருந்திருக்கும் என்பது என் ஊகம். மசூதியை மறுபடி கட்டுவோம் என்று அறிவித்தார், கட்டவில்லை. பம்பாய்க் கலவரத்தில் சுமார் 900 பேர் இறந்தார்கள். 1993 மார்ச் 12 குண்டுவெடிப்புகளில் 257 பேர். இடிப்பை விசாரிக்க 1992 டிசம்பர் 16-ல் அமைத்த லிபரான் கமிஷன் அறிக்கை தர 2009 ஆனது. ஆறப்போடுவதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வெளியுறவில் இதே பொறுமை அவருக்குக் கைகொடுத்தது. சோவியத் யூனியன் உடைந்த சமயம் அது. 1992 ஜனவரியில் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு, அரபு நாடுகள் கோபித்துக்கொள்ளாத விதத்தில். தென்கிழக்கு ஆசியாவோடு 'கிழக்கு நோக்கு' கொள்கை. 1993-ல் சீனாவோடு எல்லைக்கோட்டில் அமைதி காக்கும் ஒப்பந்தம். 1994-ல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் காஷ்மீர் விவகாரம் வந்தபோது இந்தியக் குழுவுக்கு எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாயை அனுப்பினார். அணுகுண்டுச் சோதனைக்கு 1995-ல் பொக்ரானில் ஏற்பாடு நடந்தது. அமெரிக்கச் செயற்கைக்கோள் கண்டுபிடித்து நெருக்கடி கொடுக்க, நிறுத்தினார். ஆனால் எல்லாம் தயார், இனி உங்கள் பொறுப்பு என்று 1996-ல் தன்னிடம் சொன்னது ராவ்தான் என்று வாஜ்பாய் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். 1998-ல் வெடித்தவரே அப்படிச் சொன்னது பெரிய விஷயம்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று உள்ளாட்சி. 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்களை ராஜீவ் தொடங்கி மாநிலங்களவையில் தோற்றார். ராவ் ஆட்சியில் 1992 டிசம்பரில், மசூதி இடிந்த அதே மாதத்தில், நிறைவேறியது. இன்று நம் ஊராட்சி மன்றத்தில் ஒரு பெண் தலைவியாக உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய அந்தத் திருத்தம் ஒரு காரணம்.

தமிழ்நாட்டுக்கு அவர் விட்டுப்போனவை இரண்டு. ஒன்று, 69 சதவீத இட ஒதுக்கீடு. மண்டல் தீர்ப்பு 50 சதவீத வரம்பு போட்டதும் ஜெயலலிதா அரசு தனிச்சட்டம் கொண்டுவந்தது. அதை, நீதிமன்றத்தில் எளிதில் எதிர்க்க முடியாதபடி, அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கும் 76-வது திருத்தம் 1994-ல் நிறைவேறியது; ராவ் அரசு ஒத்துழைக்காமல் அது நடந்திருக்காது. இரண்டாவது, 1996 கூட்டணி. ஜெயலலிதா ஆட்சி மேல் மக்கள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தபோது, தமிழ்நாட்டுக் காங்கிரஸே வேண்டாம் என்று கெஞ்சியும், அ.தி.மு.க.வோடுதான் கூட்டணி என்று டெல்லியிலிருந்து அறிவித்தார். மூப்பனார் வெளியே வந்தார், த.மா.கா. பிறந்தது, சைக்கிள் சின்னம், தி.மு.க. கூட்டணி, ரஜினி ஆதரவு. த.மா.கா. மட்டும் மக்களவையில் 20 இடம் பிடித்தது. காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் பூஜ்யம். ராவின் சீர்திருத்த அணியிலிருந்த சிதம்பரம், த.மா.கா.காரராக தேவே கவுடாவுக்கு நிதியமைச்சரானார். காங்கிரஸ் தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு தனித்து நின்று பெரிதாக ஜெயித்ததே இல்லை.

இந்த முடிவு ராவின் இன்னொரு பலவீனத்தையும் காட்டுகிறது. கட்சி என்பதை அவர் கணக்குப் புத்தகமாகத்தான் பார்த்தார். 1992 ஏப்ரல் திருப்பதி மாநாட்டில், பல வருடங்களுக்குப் பிறகு, காங்கிரஸ் காரியக் கமிட்டிக்கு உண்மையான தேர்தல் நடத்தினார். அர்ஜுன் சிங்கும் சரத் பவாரும் அதிக வாக்கில் ஜெயித்தார்கள். உடனே, தலித்தும் பெண்ணும் யாரும் தேர்வாகவில்லையே என்று வருத்தப்பட்டு, ஜெயித்தவர்களை ராஜினாமா செய்யவைத்து, தானே நியமனம் செய்தார். காரணம் நியாயமானது, நோக்கம் வேறு. 1996 ஜனவரியில், ஹவாலா தரகர்களிடம் அரசியல்வாதிகள் பணம் வாங்கியதாகச் சொன்ன ஹவாலா வழக்கு வெடித்தபோது சொந்தக் கட்சியின் போட்டியாளர்களும் அதில் சிக்கினார்கள். அதற்கு முன்பே அர்ஜுன் சிங்கும் என்.டி. திவாரியும் தனிக்கட்சி கண்டிருந்தார்கள். ராஜீவ் கொலை விசாரணை இழுக்கிறது என்று சோனியா 1995-ல் அமேதியில் பொதுமேடையிலேயே குறைசொன்னார். எல்லோரிடமும் நழுவியவருக்கு, விழும்போது பிடிக்க யாரும் இல்லை. 1996-ல் காங்கிரஸ் 140 இடங்களுக்குச் சுருங்கியது. சில மாதத்தில் கட்சித் தலைமையும் போயிற்று. அப்புறம் கோர்ட்டு வாசல்தான். லக்குபாய் பாடக் மோசடி வழக்கு, செயின்ட் கிட்ஸ் போலி ஆவண வழக்கு, எல்லாவற்றிலிருந்தும் விடுபட்டார், ஆனால் வருடங்கள் கரைந்தன. 2004 டிசம்பர் 23-ல் டெல்லியில் இறந்தபோது, அக்பர் சாலை காங்கிரஸ் அலுவலகத்தின் வாசல் அவர் உடலுக்குத் திறக்கவில்லை. அப்போது பிரதமர் மன்மோகன் சிங். தகனம் ஹைதராபாத்தில் நடந்தது.

அந்தச் சிறுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதைக் காட்டியே அவரைத் தியாகியாக்குவதும் சரியில்லை; அவருடைய கடைசிக் கணக்கு ஒன்று இன்னும் இருக்கிறது. 1993 ஜூலை 28-ல் வாக்கெடுப்புக்கு வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ராவ் அரசு 251-க்கு 265 என்ற வாக்கில் தோற்கடித்தது. அந்தப் பதினான்கு வாக்கு வித்தியாசத்துக்குள் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் நால்வர் இருந்தார்கள். அவர்களுக்குப் பணம் கைமாறியதாக வழக்கு. அது உச்ச நீதிமன்றம் போனபோது, 1998-ல் ஐந்து நீதிபதிகளில் மூவர் விசித்திரமான முடிவுக்கு வந்தார்கள்: லஞ்சம் வாங்கிக்கொண்டு அவையில் வாக்களித்த எம்.பி.க்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு, கொடுத்தவருக்கு இல்லை. 2000-ல் விசாரணை நீதிமன்றம் ராவுக்கு மூன்று வருடச் சிறை விதித்தது. கிரிமினல் வழக்கில் தண்டிக்கப்பட்ட முதல் முன்னாள் பிரதமர் அவர்தான். 2002-ல் டெல்லி உயர் நீதிமன்றம், சாட்சியை நம்ப முடியாது என்று விடுவித்தது. ஆள் விடுதலையானார், தீர்ப்பு அவர் பெயரிலேயே சட்டப் புத்தகத்தில் தங்கிவிட்டது. கால் நூற்றாண்டு காலம், வாக்கை விற்ற எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு அது கேடயமாக இருந்தது.

2024 பிப்ரவரி 9-ல் மோடி அரசு அவருக்கு பாரத ரத்னா அறிவித்தது. மார்ச் 30-ல் அவர் மகன் அதைப் பெற்றுக்கொண்டார். இடையில் மார்ச் 4-ம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1998-ன் நரசிம்ம ராவ் தீர்ப்பை ஒருமனதாக ரத்து செய்தது.